பலம் கேட்காத சுக்கான்

சிஸ்டரை நான் முதன்முதலாகப் பார்த்தபோது என் வலது கை ஒரு பென்குயினின் வாய்க்குள் மாட்டியிருந்தது.

பென்குயின் நான் செய்ததுதான். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில் என் பட்டறை. ஃபைபர் வேலை. பூங்காவிலும் அருவிக்கரையிலும் வாயைப் பிளந்துகொண்டு குப்பைக்குக் காத்து நிற்குமே பென்குயின், கங்காரு, முயல், அவையெல்லாம் என் பிள்ளைகள். என் பென்குயினைக் காக்கை என்று சொன்னவர்கள் உண்டு. ஒரு தலைமையாசிரியர் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு யாரோ வக்கீல் நிற்கிறார் என்று வணக்கம் வைத்தார். நான் யாரையும் மறுப்பதில்லை. பென்குயினை நானும் நேரில் பார்த்தவன் இல்லை.

அன்றைக்கு ஐந்தருவியில் நல்ல சீசன். உள்ளே கீல் இறுகிவிட்டது என்று புகார் வந்ததால் பார்க்கப் போனேன். கையை விட்டேன். முழங்கை வரை சுகமாகப் போயிற்று. திரும்பி வரவில்லை. குளிக்க வந்த கூட்டம் அருவியை விட்டுவிட்டு என்னைப் பார்க்க ஆரம்பித்தது. எண்ணெய் தேய்த்துவிடுகிற இரண்டு பேர் என் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தார்கள். பறவையை அறுக்கலாம் என்றார் ஒருவர். பறவை பாவம் என்றார் இன்னொருவர். கை யாருக்கும் பாவமாகத் தெரியவில்லை.

அப்போதுதான் ஈரத்தலையும் தோளில் துண்டுமாக ஒரு அம்மாள் வந்தார். அறுபது வயதிருக்கும். ஆண்கள் கட்டுகிற பெரிய கடிகாரம் கட்டியிருந்தார். எல்லாரையும் விடச் சொன்னார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை, ஆனால் விட்டுவிட்டார்கள். எண்ணெய்க்காரரிடம் கிண்ணத்தை வாங்கி என் கையோரமாகச் சரித்துவிட்டு, முழங்கைக்கு மேலே இரண்டு விரலை வைத்துக்கொண்டு, காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். புரோட்டா என்றேன். காலையிலேயேவா என்றார். ராத்திரி சால்னா மிச்சம் இருந்தது என்று தொடங்கி, அது எந்தக் கடைச் சால்னா, ஆறிய பிறகு அதற்கு எப்படி ஒரு தனி ருசி வரும் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். பாதியில் பார்த்தால் என் கை வெளியே இருந்தது.

“பலம் கேக்குதுன்னா அங்கன ஏதோ நோவு இருக்குன்னு அர்த்தம், தம்பி. இழுக்கக் கூடாது” என்றார். துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார்.

மஸ்கட்டில் முப்பது வருடத்துக்கு மேல் நர்ஸாக இருந்துவிட்டுத் திரும்பியவர். பெயர் ரேஷன் கார்டுக்குத் தெரியும். மற்ற எல்லாருக்கும் சிஸ்டர்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பாவூர்சத்திரத்தில் பம்ப்செட் கடை வைத்திருக்கும் தம்பியோடு இருந்தார். அந்தத் தம்பியை ஊரே அண்ணாச்சி என்று கூப்பிடும். சிஸ்டர் மட்டும் லே என்பார்.

அந்த வீட்டில் ஜாடி மூடியிலிருந்து கதவுத் தாழ்ப்பாள் வரை எல்லாம் இரண்டு விரலுக்குக் கட்டுப்பட வேண்டும். கட்டுப்படாவிட்டால் சிஸ்டர் தட்ட மாட்டார், உதைக்க மாட்டார். உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பார். எங்கே உரசுகிறது என்று கண்டுபிடித்த பிறகுதான் எழுந்திருப்பார். மனிதர்களிடமும் அப்படியே. மஸ்கட்டுக்குப் போகக் கூடாது என்று அவருடைய அப்பா ஒற்றைக்காலில் நின்றபோது சிஸ்டர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லையாம். வெள்ளைச் சீருடையைத் துவைத்து இஸ்திரிப் பெட்டி போட்டு அப்பா தினமும் பார்க்கிற மாதிரி கதவில் தொங்கவிட்டாராம். வாராவாரம் துவைப்பது, பெட்டி போடுவது, தொங்கவிடுவது. அப்பாவே ஒருநாள் பாஸ்போர்ட் ஆபீசுக்குக் கிளம்பிவிட்டார். அண்ணாச்சி இதை என்னிடம் சொன்னது பெருமையாக இல்லை, எச்சரிக்கையாக. “சண்டை போட்டாக்கூட தாங்கிக்கிடலாம் வேய். எங்க அக்கா ‘சரி’ம்பா. அந்தச் சரிக்கு அப்புறம் நமக்கு உறக்கம் வராது.”

பென்குயினுக்குப் பிறகு நான் சிஸ்டரைப் பார்த்தது அவருடைய படகுக்கு அன்னப்பறவைக் கழுத்து மாட்ட அளவெடுக்கப் போனபோது.

படகு என்றால் இரட்டைப் படகு. வெள்ளரிக்காய் போல நீளமாக, ஒல்லியாக இரண்டு ஓடங்கள். நடுவில் குழாய்களை வைத்துச் சேர்த்து மேலே ஒரு துணி மேடை கட்டியிருக்கும். அதில் பாய்மரம். மஸ்கட்டில் சிஸ்டரோடு வேலை பார்த்த மலையாளி டாக்டர் ஒருவரும் அவர் மனைவியும் விடுமுறை தவறாமல் கடலில் ஓட்டுவார்களாம். சிஸ்டரும் தொற்றிக்கொண்டு, கடைசியில் அவர்களைவிட நன்றாக ஓட்டியிருக்கிறார். டாக்டர் ஓய்வுபெற்றுக் கொல்லத்துக்கு வந்தவர், முட்டு வலியால் ஓட்ட முடியாமல் படகை சிஸ்டருக்கே கொடுத்துவிட்டார். ஆரியங்காவு கணவாய் வழியாக, பலகை ஏற்றிய லாரிக்கு மேலே மல்லாந்து படுத்தபடி அது பாவூர்சத்திரத்துக்கு வந்து சேர்ந்தது. வழியெல்லாம் ஜனங்கள் விமானம் விழுந்துவிட்டது என்று நினைத்தார்களாம்.

அண்ணாச்சிக்கு அதைப் பார்த்த நாளிலிருந்தே பிடிக்கவில்லை. அவருக்கு நீச்சல் தெரியாது. ஐந்தருவி பக்கம் புதிதாக ரிசார்ட் கட்டிய ஒருவர் படகைக் கேட்டதும் வாக்குக் கொடுத்துவிட்டார். வாசலில் நிறுத்தி, ரோஸ் பெயிண்ட் அடித்து, முன்னால் ஒரு அன்னப்பறவைக் கழுத்து வைத்தால் தேனிலவுக்கு வருகிறவர்கள் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்வார்கள். கழுத்து வேலை எனக்கு. அளவெடுக்கப் போனேன்.

கடைக் கொட்டகையில் பி.வி.சி. குழாய்களுக்கு அடியில் படகு இருந்தது. பக்கத்தில் சிஸ்டர். அவர் என் கையைப் பார்த்துத்தான் என்னை அடையாளம் கண்டுகொண்டார். ஆறிவிட்டதா என்று கேட்டார். நான் டேப்பை வைத்துக்கொண்டு நெளிந்தேன். அண்ணாச்சி எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, மனசில் இருந்ததைக் கொட்டினார்.

“இத்தன வருஷம் கடலுக்கு அங்கிட்டே கெடந்தா. இப்பத்தான் வீட்டுக்கு வந்திருக்கா. இனியும் அவள தண்ணியில விட்டுட்டு நான் கரையில நின்னு பாக்கணுமாக்கும்?”

சிஸ்டர் படகின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். அந்தப் பேசாமையைத் தாங்க முடியாமல் அண்ணாச்சியே ஒரு நிபந்தனையைச் சொன்னார். கீழப்பாவூர்க் குளத்தில் மடைப்பக்கம் இருந்து அக்கரைக்குப் பாயிலேயே போய், பாயிலேயே திரும்ப வேண்டும். மீன் பிடிக்கிறவர்களை இழுத்துவரக் கூப்பிடக் கூடாது. முடிந்தால் படகு வீட்டில் இருக்கட்டும். முடியாவிட்டால் ரிசார்ட்டுக்கு.

“சரி” என்றார் சிஸ்டர்.

அண்ணாச்சி அன்றைக்குத் தூங்கியிருக்க மாட்டார். நானும்தான். ஏனென்றால் படகைத் திருப்புகிற சுக்கான் இன்னும் மாட்டவில்லை. சுக்கானைச் சரிபண்ணுகிற வேலையும், என்ன காரணத்தாலோ, கழுத்து செய்ய வந்த என் கழுத்தில் விழுந்தது.

டாக்டர் இரண்டு ஜோடிச் சுக்கான் பலகைகளைத் தனியாகக் கட்டி அனுப்பியிருந்தார். இரண்டு ஓடத்துக்கும் பின்னால் ஒவ்வொன்று தொங்க வேண்டும். சிஸ்டர் நான்கையும் கட்டிலில் விரித்துப் படுக்கப்போட்டார். அடியில் தலையணை வைத்தார். ஒரு ஜோடி நீளமாக, வெள்ளையாக, வாள் போல மின்னியது. இன்னொரு ஜோடி குட்டை, பழுப்பு மரம், ஓரமெல்லாம் ஊறி உப்பிப்போயிருந்தது. எதை எடுக்கலாம் என்றார். நான் ஒரு கலைஞன் அல்லவா, வெள்ளையைக் காட்டினேன்.

சிஸ்டர் ஒரு தேக்கரண்டியை எடுத்து, காம்பால் வெள்ளைப் பலகையைத் தலையிலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். டக், டக் என்று வந்த சத்தம் நடுவில் ஒரு இடத்தில் தொப் என்று மாறியது. “இதுக்கு உள்ள நீர் கோத்திருக்கு. வெளியே பவுடர் போட்டு வந்திருக்கு” என்றார். அதோடு இன்னொரு காரணமும் சொன்னார். குளம் முழுக்கக் கருவேல மரங்கள், முக்கால்வாசி தண்ணீருக்கு அடியில். நீளமான பலகை கட்டையில் இடித்தால் ஒடியும். பழுப்புப் பலகையின் தலையில் ஒரு ஆணி, அதில்தான் அது ஆடும். இடித்தால் தானாக மேலே மடங்கிக்கொள்ளும், கயிற்றை இழுத்தால் மறுபடி இறங்கும். விட்டுக்கொடுக்கத் தெரிந்த பலகை. அப்படித்தான் அந்த உப்பிப்போன அவலட்சணங்கள் வென்றன.

ஆனால் அவற்றை முதலில் காயவைக்க வேண்டும். ஈர மரத்தில் ஃபைபர் ஒட்டாது. சாரல் காலத்தில் தென்காசியில் எதைக் காயவைப்பது? எங்கள் வீட்டில் வடகமே ஒரு வாரமாகத் தொட்டுக்கொள்ளும் பதத்தில் இருந்தது. என் மூளை வேலை செய்தது. ஐந்தருவியில் நேந்திரங்காய் சிப்ஸ் போடுகிற என் மச்சினன் கடையில், எண்ணெய்ச் சட்டிக்கு மேலே கூரையில் இரண்டையும் கட்டித் தொங்கவிட்டேன். சீசன் முடியாத கடை, அணையாத அடுப்பு. பலகை பிரமாதமாகக் காய்ந்தது. என்ன, சிப்ஸ் வாங்க வந்தவர்கள் எல்லாம் அது என்ன கருவாடு என்று கேட்டார்கள். மதுரைக்காரர் ஒருவர் அதில் படுக்கவைத்துத்தான் எண்ணெய் தேய்ப்பார்கள் என்று முடிவுசெய்து தனக்கும் தேய்த்துவிடச் சொல்லி அடம்பிடித்தார். சிஸ்டர் பலகையை முகர்ந்து பார்த்து, “மீனுக்குப் பசி எடுத்தா நம்ம பொறுப்பில்ல” என்றார்.

பிறகு தேய்ப்பு. இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருந்தனவே தவிர இரட்டையாக இல்லை. ஒன்று தேய்ந்து மெலிந்திருந்தது. அட்டையில் அச்சு வெட்டி, மெலிந்ததன் மேல் ஃபைபர் துணியையும் ரெசின் பசையையும் சேர்த்து, தடித்ததைத் தேய்த்து, இரண்டும் அந்த அச்சுக்குள் ஒரே மாதிரி உட்காரும்வரை சிஸ்டர் விடவில்லை. போதும் என்று நான் சொல்லும்போதெல்லாம் அவர் கண்ணை மூடிக்கொண்டு பலகையின் ஓரத்தில் விரலை ஓட்டுவார். விரல் நிற்கிற இடத்தில் நான் மறுபடி தேய்க்க வேண்டும். என் வேலையைக் கண்ணை மூடிப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் கண்ணைத் திறந்து பார்ப்பார்கள், பிறகு மூடிக்கொள்வார்கள்.

ஆணி ஆடுகிற ஓட்டை பெரிதாகி லொடலொடத்தது. அதை அடைத்துவிட்டுப் புதிய ஓட்டை போட்டேன். பட்டறைக்குப் பக்கத்து லேத்தில் நைலானில் வளையம் கடைந்து அதற்குள் செருகினேன். இங்கே நான் என் கைவரிசையைக் காட்டினேன். பலகை நேராகத் தொங்கினால் அம்மிக்குழவி மாதிரி இருக்கிறது. மீன் வால் என்றால் பின்னால் கொஞ்சம் சாய்ந்திருந்தால்தானே வேகம் தெரியும்? சாய்கிற மாதிரி ஓட்டையைத் தள்ளிப் போட்டேன். பார்க்க அவ்வளவு அழகு.

ஒத்திகைக்குப் படகைக் குளத்தில் இறக்கினோம். ஆனி மாதக் காற்று. கணவாயில் நுழைந்து, அத்தனை காற்றாலைகளையும் சுழற்றிவிட்டு, மிச்சத்தை எங்கள் பாயில் வந்து அறைந்தது. படகு பாய்ந்தது. பாய்ந்த வேகத்தில் முகத்தைத் திருப்பிக் காற்றைப் பார்க்கவே போயிற்று. நேரே வைக்க சிஸ்டர் சுக்கான் பிடியை இரண்டு கையாலும் பிடித்து, காலை உதைத்துக்கொண்டு இழுக்க வேண்டியிருந்தது. விடாமல் பிடியுங்க சிஸ்டர் என்று நான் கரையிலிருந்து உற்சாகமூட்டினேன். அவர் பிடிக்கவில்லை. பாயைத் தளர்த்தி, துடுப்பால் தள்ளிக் கரைக்குக் கொண்டுவந்துவிட்டார்.

கரையில் அண்ணாச்சி, லாரி ட்யூபைத் தோளில் மாட்டிக்கொண்டு. ரிசார்ட்காரருக்குப் போன் பண்ணட்டுமா என்று கேட்டார். கேலியாக இல்லை, நிம்மதியாகக் கேட்டார்.

“இது ஒத்திகைதானலே. நாளை மறுநாள் போவோம்” என்றார் சிஸ்டர். பிறகு மணலில் உட்கார்ந்து சுக்கானையே பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானம் கட்டுச்சோறு பிரித்தோம், அப்போதும் பார்த்தார். எனக்குப் புளியோதரை இறங்கவில்லை. கடைசியில் என்னைக் கூப்பிட்டு, பலகை ஏன் பின்னால் சாய்ந்து நிற்கிறது என்று கேட்டார்.

“மீன் வால் மாதிரி சிஸ்டர்.”

“மீன் பாய் கட்டியா போவுது, தம்பி?”

சாய்ந்த பலகையைத் தண்ணீர் பின்னாலேயே தள்ளும், அந்தத் தள்ளல் முழுக்க ஓட்டுகிறவர் கைக்கு வரும். பலகையின் முன்விளிம்பு, அது தொங்குகிற கீலுக்கு நேர் கீழே வந்துவிட்டால் கைக்குச் சுமை இருக்காது. நான் என் அழகிய ஓட்டைகளை ரெசினால் அடைத்து, ஒரு விரல்கடை முன்னால் தள்ளி மறுபடி போட்டேன். சாரலில் ரெசின் இறுக அடம்பிடித்தது. திரும்பவும் மச்சினன் கடைக் கூரைதான். இரண்டு பலகையும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்கின்றனவா என்று முன்னாலும் பின்னாலும் நூல் பிடித்துப் பார்த்து, இரண்டையும் சேர்க்கிற குழாயைச் சிஸ்டர் திருகிக்கொண்டே இருந்தார். இம்முறை பார்க்க அம்மிக்குழவி மாதிரிதான் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

பந்தய நாளில் கரையில் கொஞ்சம் கூட்டம். தெர்மாகோல் மிதவையில் மீன் பிடிக்கிற இரண்டு பேரை அண்ணாச்சி தயாராக நிற்கச் சொல்லியிருந்தார். சிஸ்டர் மிதவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு எனக்கும் ஒன்றை மாட்டிவிட்டார். என்னை எதற்கு என்றேன். காற்று ஒரு பக்கத்து ஓடத்தைத் தூக்கும், அதில் ஒரு கனம் உட்கார வேண்டும் என்றார். “உன் தொப்பைக்கு இப்பத்தான் ஒரு உத்தியோகம் வந்திருக்கு.”

கிளம்பினோம். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மாதாவையும் பாவூர் நரசிம்மரையும் ஒரே மூச்சில் கூப்பிட்டேன், யார் டூட்டியில் இருக்கிறார் என்று தெரியாதே. பிறகு சத்தம் எதுவும் இல்லையே என்று கண்ணைத் திறந்தேன். காற்று அதே காற்று. எனக்குக் கீழே ஓடம் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிறது. சிஸ்டர் சுக்கான் பிடியை நாடி பார்க்கிற மாதிரி இரண்டு விரலில் வைத்துக்கொண்டு, பாயின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். படகு கோடு போட்டதுபோல் போயிற்று. அவர் முகத்தில் சிரிப்பு எதுவும் இல்லை. தூங்குகிற நோயாளியைத் தாண்டிப் போகிறவர் மாதிரி ஒரு கவனம்.

பாதிக்கு மேல் போனபோது டமார் என்றது. இடது பலகை கருவேலங்கட்டையில் இடித்து மேலே மடங்கிவிட்டது. படகு ஒரு குலுங்கு குலுங்கியது. கரையில் அண்ணாச்சி மிதவைக்காரர்களைக் கத்திக் கூப்பிடுவது கேட்டது. சிஸ்டர் அவசரப்படவில்லை. வலது பலகையை வைத்தே படகைப் பிடித்துக்கொண்டு, கட்டை தாண்டட்டும், சொல்லுதேன் என்றார். தாண்டியது. நான் கயிற்றை இழுத்தேன். பலகை இறங்கி, டக் என்று தன் இடத்தில் உட்கார்ந்தது. வாழ்நாளில் நான் செய்த பொருள்களில் சொன்னபடி கேட்டது அது ஒன்றுதான். மிதவைக்காரர்கள் பாதியிலேயே துடுப்பை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கரையில் மணலில் ஏற்றி நிறுத்தினோம். அதற்குள் அண்ணாச்சி குளத்தங்கரையிலேயே ஸ்கூட்டரில் சுற்றி வந்து நின்றார். சட்டையெல்லாம் வியர்வை. போதும்க்கா, ஜெயிச்சிட்ட, திரும்பிப் போக வேண்டாம், ஸ்கூட்டர்ல வந்துரு என்றார். பாதிக் குளத்தோடு சமாதானம் பேச வந்திருந்தார்.

சிஸ்டர் படகை முழங்கால் தண்ணீரில் திருப்பிப் பிடித்துக்கொண்டார்.

“பேசினபடி திரும்பணும்லா. நீ ஏறு.”

“எனக்கு நீச்சல் தெரியாதுக்கா.”

“நீந்தவா கூப்பிட்டேன்? உக்காரத்தான் கூப்பிடுதேன்.”

அவர் கையை நீட்டவில்லை. வா என்று இன்னொரு முறை அழைக்கவில்லை. படகைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரைப் பார்த்தபடி நின்றார். வேறொருவராக இருந்தால் நான் நடுவில் புகுந்து ஏதாவது சொல்லியிருப்பேன். அன்றைக்கு நானும் படகின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். அண்ணாச்சி அக்காவைப் பார்த்தார், ஸ்கூட்டரைப் பார்த்தார், என் தொப்பையைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றினார். என் மிதவைச் சட்டையைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டு, அதற்கு மேல் லாரி ட்யூபையும் போட்டுக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடியபடி நான் இருந்த இடத்தில் ஏறி உட்கார்ந்தார். கனத்தில் குறைவில்லை.

அவர்கள் போய்விட்டார்கள். ஸ்கூட்டர் சாவியும் அண்ணாச்சியின் மடியில் போய்விட்டது. நான் அவருடைய செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, குளக்கரையில் நடந்தேன். அப்போதுதான் அந்தப் படகு நேராகப் போவதை முதன்முதலாக வெளியிலிருந்து பார்த்தேன். வெள்ளைப் பாய், அதற்குப் பின்னால் மலை, மலைமேல் சாரல் மேகம். பின்னால் இரண்டு மெல்லிய கோடுகள் மட்டும், ஒன்றையொன்று தொடாமல், விலகாமல், தண்ணீரில் நீண்டுகொண்டே போயின. எதிரே புல்லுக்கட்டோடு வந்த ஒரு ஆச்சி நின்று பார்த்துவிட்டு, யாரு ஓட்டுதா என்று கேட்டாள். எங்க சிஸ்டர் என்றேன். சொன்ன பிறகுதான் ‘எங்க’ என்று சொன்னதைக் கவனித்தேன்.

முதலில் தண்ணீருக்கு மேல் அண்ணாச்சியின் அலறல்தான் வந்தது. யேசுவே, யேசுவே என்று. பிறகு அது நின்றுவிட்டது. எனக்குப் பயமாகிவிட்டது, நின்று பார்த்தேன். படகு நடுக்குளத்தில் இருந்தது. அண்ணாச்சி கண்ணைத் திறந்துவிட்டார். ஒரு கையால் ட்யூபைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை நீட்டி, கடையில் வேலையாட்களை ஏவுகிற அதே குரலில் பேசிக்கொண்டிருந்தார்.

“அக்கா, அங்கன மரம் நிக்குது, தெரியுதா? கொஞ்சம் சோத்துக்கைப் பக்கமா ஒடி. மெள்ள... நான் சொல்லும்போது ஒடி.”

சிஸ்டர் தலையை ஆட்டுவது தெரிந்தது. அவர் அந்த மரத்தை எப்போதோ பார்த்திருப்பார். ஆனாலும் தம்பி சொல்லும்வரை காத்திருந்து, சொன்ன பிறகு திருப்பினார். நான் செருப்போடு கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அண்ணாச்சி ஓட்டச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிவிட்டார். இனி அந்தப் படகை அந்த வீட்டிலிருந்து யாராலும் வாங்கிக்கொண்டு போக முடியாது.